திரையைத் தாண்டிய செவிலியர், திரையை நம்பிய செவிலியர்: இரண்டு மருந்துப் பிழைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

2017 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், 75 வயதுப் பெண் ஒருவரைப் பெட் (PET) ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு என்று ஐசியுவில் சேர்க்கப்பட்டுத் தேறி வந்துகொண்டிருந்தவர். ஸ்கேன் இயந்திரத்துக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டுமே என்ற பதற்றம் அவருக்கு. அதைத் தணிக்க வெர்செட் என்ற மருந்தை ஊசியில் கொடுக்கும்படி மருத்துவர் எழுதினார். செவிலியர் எடுத்துப்போய்ச் செலுத்தியதோ வெக்குரோனியம். உடலின் தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து அது. செயற்கை சுவாசம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும்போதுதான் அதைப் பயன்படுத்துவார்கள். அந்த ஏற்பாடு இல்லாதவருக்குச் செலுத்தினால், நினைவு தப்புவதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும். அந்தப் பெண் மறுநாள் இறந்தார்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் குடல் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தான். நோய்த்தொற்று வராமலிருக்க அவன் வழக்கமாகச் சாப்பிடும் செப்ட்ரா மாத்திரையில், வேளைக்கு ஒன்று கொடுத்திருக்க வேண்டும். அன்றிரவு அவனுக்குக் கொடுக்கப்பட்டது முப்பத்தெட்டரை மாத்திரை. கடுமையான வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

முதல் செவிலியர் கணினி போட்ட தடையைத் தாண்டிப் போனார். இரண்டாமவர் கணினி சொன்னதை அப்படியே செய்தார். இரண்டு மருத்துவமனைகளும் ஒரே நிறுவனத்தின், அதாவது எபிக்கின், மின் மருத்துவப் பதிவேட்டுக்கு மாறியவை. சான் பிரான்சிஸ்கோ மாறி ஓராண்டு சொச்சம் ஆகியிருந்தது. நாஷ்வில் மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதிய மென்பொருளோடு செவிலியர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பயிற்சி போதவில்லை", "பழைய ஆட்களுக்குக் கணினி என்றால் அலர்ஜி" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் படித்தால் அந்த விளக்கம் எவ்வளவு தட்டையானது என்று தெரியும்.

நாஷ்வில்: மீறுவதே வழக்கமான இடத்தில்

பெரிய மருத்துவமனை வார்டுகளில் இப்போது மருந்துகள் ஒரு தானியங்கிப் பெட்டகத்தில் இருக்கும். மருத்துவர் கணினியில் மருந்து எழுதுவார். மருந்தாளுநர் சரிபார்ப்பார். அதன்பின் பெட்டகத்தின் திரையில், நோயாளியின் பெயருக்குக் கீழே அந்த மருந்து தோன்றும். செவிலியர் அதைத் தொட்டால் உரிய இழுப்பறை மட்டும் திறக்கும். இதில் மூன்று மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டியிருக்கிறது: பதிவேடு, மருந்தகம், பெட்டகம். ஒன்று தாமதித்தாலும் மருந்து திரையில் வராது. நோயாளி அதுவரை காத்திருக்க முடியாதே. எனவே அவசரத்துக்கென்று 'ஓவர்ரைடு' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால், மருந்தாளுநரின் சரிபார்ப்பு இல்லாமலே பெட்டகத்திலுள்ள மருந்துகளைத் தேடி எடுக்கலாம்.

2017 நவம்பரில் வாண்டர்பில்ட் புதிய பதிவேட்டுக்கு மாறியது. மாறிய கையோடு இந்த மூன்றுக்கும் இடையே தகவல் தாமதமாகத் தொடங்கியது. ஓவர்ரைடு இல்லாமல் ஒரு பை சலைன்கூட எடுக்க முடியாத நிலை இருந்தது என்றும், அதை அன்றாடம் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள் என்றும் அந்தச் செவிலியர் பின்னாளில் டென்னசி செவிலியர் வாரியத்தின் முன் சொன்னார். இறந்துபோன அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் மூன்று நாட்களில் குறைந்தது 20 முறை ஓவர்ரைடு பயன்பட்டிருந்தது என்பது வழக்கின்போது வெளிவந்தது. தொழில்நுட்பச் சிக்கல் இந்த மரணத்துக்குச் சில வாரங்கள் முன்பே சரிசெய்யப்பட்டுவிட்டது என்பது மருத்துவமனைத் தரப்புச் சாட்சியம்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மென்பொருளின் கோளாறு ஒரே நாளில் சரியாகிவிடும். அந்தக் கோளாறு பழக்கிவிட்ட கை அத்தனை சீக்கிரம் மாறாது. இனி ஓவர்ரைடு தேவையில்லை, வழக்கமான வழியையே நம்பலாம் என்று வார்டில் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

அன்றைய நாளுக்கு வருவோம். அந்தச் செவிலியர் பிரிவு முழுவதும் உதவிக்கு ஓடும் டூட்டியில் இருந்தார். கூடவே புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டகத்தில் VE என்று இரண்டு எழுத்து தட்டினார். வெர்செட் வரவில்லை. ஏனென்றால் பெட்டகம் மருந்துகளை மூலப்பெயரில் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. வெர்செட் என்பது வணிகப்பெயர், மூலப்பெயர் மிடாசோலம். சுமார் பத்து நிமிடங்களுக்கு முன்பே மருந்தாளுநர் சரிபார்த்து, அந்தப் பெண்ணின் பட்டியலில் மிடாசோலம் என்ற பெயரில் மருந்து வந்து உட்கார்ந்திருந்தது. செவிலியருக்கோ, மறுபடியும் மருந்து வரவில்லை என்று பட்டிருக்கும். ஓவர்ரைடு அழுத்தி, மீண்டும் அதே இரண்டு எழுத்தைத் தட்டினார். வந்த மருந்தை எடுத்தார். அது வெக்குரோனியம்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை மென்பொருளின் தலையில் கட்ட முடியாது. ஓவர்ரைடு செய்தபோது சிவப்புப் பெட்டியில் எச்சரிக்கை வந்தது. வெர்செட் திரவமாகவே வரும். கையிலிருந்ததோ பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். குப்பியின் மூடியிலேயே தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. பெயரைச் சரிபார்க்கவில்லை. ஊசி போட்டபின் நோயாளியின் அருகில் நின்று கவனிக்கவும் இல்லை. இவை எதையும் அவர் மறுக்கவில்லை. தவறு நடந்தது தெரிந்த உடனே ஒப்புக்கொண்டவர் அவர்.

ஆனாலும் ஊசி போட்ட கதிரியக்கப் பிரிவில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. ஐசியுவில் இதே குப்பியைக் கொண்டுபோய் நோயாளியின் கைப்பட்டையோடு சேர்த்து ஸ்கேன் செய்திருந்தால், ஆர்டரில் இல்லாத மருந்து என்று திரை சொல்லியிருக்கும். பாதுகாப்பு வலை வார்டு வாசலோடு முடிந்துவிட்டது. நோயாளியோ அந்த வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு விவரமும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு முகமை நடத்திய விசாரணை அறிக்கையில் இருக்கிறது. கொடுத்த மருந்தைச் செவிலியர் நோயாளியின் பதிவில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, புதிய அமைப்பு அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், வேறொரு நிறத்தில் தனியாகத் தெரியும் என்று மேலாளர் சொன்னதாகப் பதில் வந்தது. மின் பதிவேட்டுக்கு மாறும் காலத்தின் குழப்பம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. காகிதச் சார்ட்டில் எழுதினாயா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். திரையில் எதைக் கணினி எழுதிக்கொள்ளும், எதை நாம் எழுத வேண்டும் என்ற கோடு, மாறிய முதல் சில மாதங்களில் யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை. மேலாளருக்கும் தெரிவதில்லை.

மருத்துவமனை இந்தப் பிழையை அரசுக்கு முறைப்படி அறிவிக்கவில்லை. குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. 2018 அக்டோபரில் பெயரில்லாத புகார் ஒன்று போய்த்தான் விசாரணை தொடங்கியது. 2019 பிப்ரவரியில் செவிலியர் கைது. முதலில் நடவடிக்கை வேண்டாம் என்றிருந்த செவிலியர் வாரியம் 2021 ஜூலையில் உரிமத்தைப் பறித்தது. 2022 மார்ச் 25 அன்று, அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கும் இன்னொரு குற்றத்துக்கும் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மே 13 அன்று சிறைக்குப் பதிலாக மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. மருத்துவமனைக்கும் பெரும் பொறுப்பு உண்டு என்பதை அரசுத் தரப்பு விசாரணை அதிகாரியே சாட்சிக் கூண்டில் சொன்னார். குற்ற வழக்கு மட்டும் ஒருவர்மீதுதான்.

சான் பிரான்சிஸ்கோ: எல்லாம் சரி என்று ஸ்கேனர் சொன்ன இரவு

இந்த நிகழ்வை அந்த மருத்துவமனையே மறைக்காமல் வெளியிட அனுமதித்தது. அதனால்தான் இத்தனை விவரமாகத் தெரிகிறது.

சிறுவனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மருந்தளவை எடைக்கு இவ்வளவு என்றுதான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பயிற்சி மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று எழுத, கணினி 193 என்று கணக்குப் போட்டது. அவன் சாப்பிடும் மாத்திரையோ 160 மில்லிகிராம். கணக்கிட்ட அளவுக்கும் மாத்திரைக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருந்தாளுநர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு விதி. அவர் அனுப்பினார். மருத்துவர் மறுபடி ஆர்டரைத் திறந்து 160 என்று தட்டினார். பக்கத்திலிருந்த அலகு 'மில்லிகிராம்' ஆக இல்லை, 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்றே நின்றது. 160 பெருக்கல் 38.6. ஆறாயிரத்துச் சொச்சம் மில்லிகிராம். மாத்திரைக் கணக்கில் முப்பத்தெட்டரை.

எச்சரிக்கை வந்தது. மருத்துவர் மூடினார். மருந்தாளுநருக்கும் வந்தது, அவரும் மூடினார். இதைக் கேட்டதும் கோபம் வரலாம். அந்த மருத்துவமனையில் மாதத்துக்குச் சுமார் 3,50,000 மருந்து ஆர்டர்கள். அவற்றில் ஏறத்தாழ பாதிக்கு மருந்தாளுநரின் திரையில் ஏதோவொரு எச்சரிக்கை குதிக்கும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. முப்பத்தெட்டு மடங்கு அதிகம் என்ற எச்சரிக்கையும், சற்றே கூடுதல் என்ற எச்சரிக்கையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன. அப்புறம் ஒரு ரோபோ முப்பத்தெட்டரை மாத்திரைகளைப் பிசகாமல் எண்ணிப் பொட்டலம் கட்டி அனுப்பியது.

கடைசியில் பொட்டலம் வந்து சேர்ந்தது ஒரு செவிலியரின் கைக்கு. வழக்கமாகக் குழந்தைகள் ஐசியுவில் வேலை பார்ப்பவர், அன்று ஆள் பற்றாக்குறைக்காக வேறு வார்டுக்கு வந்திருந்தார். இத்தனை மாத்திரையா என்று அவருக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் சிறுவனுக்கு இருந்தது அபூர்வமான மரபணு நோய். அதுவோ விநோதமான மருந்தளவுகள் சகஜமாகப் புழங்கும் போதனா மருத்துவமனை. மருத்துவர் எழுதியிருக்கிறார், மருந்தாளுநர் பார்த்திருக்கிறார். பொட்டலங்களை ஸ்கேன் செய்தார். சரி என்றது திரை.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அதன் வேலை, எழுதியதும் கொடுப்பதும் ஒன்றா என்று பார்ப்பது. எழுதியதே தவறாக இருந்தால், தவறைத் துல்லியமாக நிறைவேற்ற அது உதவும். அவர் சந்தேகப்பட்டு ஒரே ஒரு மாத்திரையை எடுத்திருந்தால், ஆர்டரோடு ஒத்துப்போகவில்லை என்று அதே ஸ்கேனர் அவரைத்தான் நிறுத்தியிருக்கும்.

காகிதக் காலத்தில் இப்படி ஒரு ஆர்டர் வந்திருந்தால், இது மனிதர் எழுதியது, தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் செவிலியருக்குத் தானாகவே வரும். கிறுக்கல் கையெழுத்தே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அச்சுப்போல் திரையில் வரும் எண்ணுக்குப் பின்னாலும் அரைகுறைத் தூக்கத்தில் ஒரு பயிற்சி மருத்துவர் இருக்கலாம் என்பது தோன்றுவதில்லை. அதே மருத்துவமனையின் ஐசியுக்களில் 2013 மார்ச் மாதம் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 77 படுக்கைகளின் கண்காணிப்புக் கருவிகளிலிருந்து 31 நாட்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்குச் சத்தமாக ஒலித்தவை மட்டும் 187. அப்படி ஐசியுவில் பழகிய காதுக்கு, இயந்திரம் சத்தம் போடவில்லை என்றாலே எல்லாம் நலம் என்று பொருள்படும்.

இடைவெளியை நிரப்புவது யார்

நாஷ்வில் செவிலியர் திரையை மீறினார், குற்றம் ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ செவிலியர் திரைக்குக் கட்டுப்பட்டார், பிழை ஆயிற்று. மென்பொருளை நம்பச் சொல்வதா, சந்தேகப்படச் சொல்வதா? இரண்டையும் ஒரே ஷிஃப்டில், எப்போது எது என்று யாரும் சொல்லித்தராமல் எதிர்பார்க்கிறோம். மின் பதிவேட்டுக்கு மாறும் செவிலியர்களின் ஆகப்பெரிய சிரமம் இதுதான் என்று நினைக்கிறேன். மாத்திரை நோயாளியின் வாய்க்குள் போகும் கணத்தில் அங்கே நிற்பவர் செவிலியர் மட்டும்தான். மேலே எத்தனை பேர் தவறவிட்டாலும் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும்.

குறுக்குவழிகளைச் சோம்பல் என்று சொல்வோர் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்க்கலாம். ஐந்து மருத்துவமனைகளில் பார்கோடு முறையைக் கவனித்த ராஸ் காப்பலும் குழுவினரும், செவிலியர்கள் செய்யும் 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்கான 31 காரணங்களையும் பட்டியலிட்டார்கள். நோயாளியின் பார்கோடு நகலைக் கதவு நிலையில் ஒட்டி வைப்பது, கணினி வண்டியில் ஒட்டுவது, இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொள்வது, பல நோயாளிகளின் மருந்துகளை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வண்டியில் எடுத்துப்போவது. படிக்கும்போது பகீரென்கிறது. காரணங்களைப் படித்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும்: கசங்கிய பார்கோடு, நனைந்த கைப்பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, விட்டு விட்டு வரும் வைஃபை, பார்கோடே இல்லாமல் வந்த மருந்து. அங்கே கொடுத்த மருந்துகளில் 10.3 சதவீதத்துக்குச் செவிலியர்கள் எச்சரிக்கையை மீறியிருந்தார்கள். அதாவது ஏறக்குறைய பத்தில் ஒன்று.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பார்கோடு முறை வந்தபோது செய்யப்பட்ட ஆய்வு (2002) இன்னொன்றையும் கண்டது. கணினி எதைக் கண்காணிக்கிறதோ அந்த வேலைக்குச் செவிலியர்கள் முன்னுரிமை தரத் தொடங்கினார்கள். மருந்தை மணிக்குக் கொடுத்தாயா என்பது பதிவாகும். நோயாளியின் முகத்தைப் பார்த்து நான்கு வார்த்தை பேசினாயா என்பது பதிவாகாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பழைய காகிதமே மேல் என்று முடிக்க முடியாது. பாஸ்டனிலுள்ள பிரிகம் மருத்துவமனையில் பார்கோடோடு இணைந்த மின் மருந்துப் பதிவேடு வந்தபின், நேரம் தவறுவதைக் கணக்கில் சேர்க்காமல், மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. 2010இல் வெளியான முடிவு இது. சரியாகப் பொருந்திய இடத்தில் இந்தக் கருவிகள் உயிர் காக்கின்றன. பொருந்துவது எப்படி என்பதுதான் விஷயம்.

பிட்ஸ்பர்க், பிறகு சியாட்டில்

அதற்குச் சரியான சான்று குழந்தைகள் மருத்துவமனைகள் இரண்டு. பிட்ஸ்பர்க்கில் 2002 அக்டோபரில், ஆறே நாட்களில் மருத்துவமனை முழுவதும், மருத்துவர்கள் கணினியிலேயே மருந்து எழுதும் ஆர்டர் முறையைக் கொண்டுவந்தார்கள். வெளியூர்களிலிருந்து ஆபத்தான நிலையில் மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளில் இறந்தோர் விகிதம், முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதமாக இருந்தது, பிந்தைய ஐந்து மாதங்களில் 6.57 சதவீதமாயிற்று. முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே ஆர்டர் எழுதிவிடுவார்கள், குழந்தை வந்து சேர்வதற்குள் செவிலியர்கள் மருந்தைத் தயார் செய்துவிடுவார்கள். புதிய முறையில், குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் ஆர்டரே போட முடியும். சில நொடிகளில் எழுதிய ஆர்டருக்கு இப்போது பத்து கிளிக், ஒன்றிரண்டு நிமிடம். உயிர்காக்கும் மருந்துகளும் ஐசியு அருகிலிருந்து மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன, செவிலியர் முன்போல் கைநீட்டி எடுக்க முடியாது. படுக்கையருகே நிற்க வேண்டியவர்களில் ஒருவர் கணினிக்குப் போக வேண்டியதாயிற்று. இந்த மாற்றங்கள்தான் மரணங்களுக்குக் காரணமா என்பதில் விவாதம் உண்டு. முன்னும் பின்னும் எடுத்த கணக்கு அதை நிரூபிக்காது.

சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை, பிட்ஸ்பர்க் வாங்கிய அதே நிறுவனத்தின் மென்பொருளையே வாங்கியது. பிட்ஸ்பர்க்கில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, ஐசியுவுக்குத் தேவையான ஆர்டர் தொகுப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். அங்கே இறப்பு விகிதம் கூடவில்லை. மென்பொருள் ஒன்று, விளைவு இரண்டு. நடுவில் மாறியது, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று முதலிலேயே போய்ப் பார்த்தார்களா என்பது.

அமெரிக்காவில் அந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இருக்கவில்லை. 2009இல் வந்த சட்டம் மின் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகையும் மாறாதவற்றுக்குப் பின்னர் பிடித்தமும் என்றது. 2008இல் 9.4 சதவீத மருத்துவமனைகளில் இருந்த அடிப்படை மின் பதிவேடு 2015இல் 83.8 சதவீதத்துக்குப் பரவிவிட்டது. இவ்வளவு வேகத்தில் கேட்கப்பட்ட கேள்வி "எப்போது மாறுகிறீர்கள்" என்பதுதான். இரவு டூட்டிச் செவிலியரை உட்கார வைத்து, இந்தத் திரையில் எதை நீங்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று கேட்பதற்கு அட்டவணையில் இடமில்லை.

கேட்டிருந்தால் பதில் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருந்திருக்கும். நாஷ்வில் நிகழ்வுக்குப் பிறகு, பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான அமெரிக்க நிறுவனம் ஒன்று, பெட்டகத்தில் ஓவர்ரைடு செய்து தேடும்போது குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்ட வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டுக்குப் பதில் ஐந்து எழுத்து, அவ்வளவுதான். VERSE என்று தட்டியிருந்தால் வெக்குரோனியம் பக்கத்திலேயே வந்திருக்காது. பெட்டகம் தயாரிக்கும் ஆம்னிசெல் நிறுவனம் 2020இல் இந்த வசதியைச் சேர்த்தது. கென்டக்கி மாநிலம் 2024இல் ஒரு படி மேலே போய், அப்பட்டமான அலட்சியமோ தீய நோக்கமோ இல்லாத மருத்துவப் பிழைகளுக்காக மருத்துவப் பணியாளர்கள்மீது குற்ற வழக்குப் போடக்கூடாது என்று சட்டம் இயற்றியது.

ஆம்னிசெல் சேர்த்தபோது அந்த ஐந்தெழுத்துத் தேடல் தானாக வேலை செய்யவில்லை. வேண்டும் என்று மருத்துவமனை முடிவெடுத்து இயக்கி வைத்தால்தான் உண்டு என்றிருந்தது.